ஏழு புலுனிக் கூடுகளும் ஒரு பொன்னாடையும்

புதிதாகக் களவேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

உங்களுக்கென்று கொஞ்சம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். "உங்கடை அனுபவத்தை எழுதுங்கோ, பிள்ளையளுக்கு உற்சாகமாய் இருக்கும்" என்றார்கள். ஓய்வு பெற்ற மனிதனிடம் அனுபவத்தைக் கேட்பது ஆபத்தான வேலை. அவன் தன்னுடைய கெட்டித்தனத்தைத்தான் எழுதுவான். எங்கள் துறையில் இப்படி எழுதியவர்களின் கதைகளில் யானை துரத்தியிருக்கும், அவர் தப்பியிருப்பார், எல்லோரும் கிழக்கே போகச் சொன்னபோது அவர் மட்டும் மேற்கே போய்ப் பறவையைக் கண்டிருப்பார். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் துரத்துவதற்கு யானையும் கிடையாது, தொலைந்து போவதற்குக் காடும் கிடையாது. என்னைத் துரத்தியவை கட்டாக்காலி நாய்களும் வீட்டு வளவுக்காரர்களும்தான்.

கூடு தேடுவது எப்படி என்று எழுதப் போவதில்லை. ஒரு மாதம் தேசிமுள், அதுதான் எலுமிச்சை முள், குத்தினால் அது தானாக வந்துவிடும். ஒரு கூட்டைக்கூடக் கையால் தொடாமல் ஏழு கூடுகளை நான் நாசமாக்கிய கதையைத்தான் எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் என்னைவிடப் படித்தவர்கள். ஆனாலும் இந்தப் பிழையைச் செய்வதற்குப் படிப்பு ஒரு தடையே அல்ல.

நாங்கள் அப்போது தென்மராட்சியில், கொடிகாமத்துக்கு உள்ளே ஒரு கிராமத்தில் வேலை செய்துகொண்டிருந்தோம். வெப்பவலயக் காட்டுப் பறவைகளில் களவாக முட்டையிடும் குயில்களைப் பற்றிய ஆய்வு. வெளியூரில் இருந்து பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "காடு எங்கே?" என்றுதான். நான் மாமரத்தையும் பலாவையும் தேசியையும் கிளுவை வேலியையும் காட்டுவேன். அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். புலுனிக்கும் சுடலைக்குயிலுக்கும் அந்தக் காடு போதும்.

புலுனியை உங்களுக்குத் தெரியும். ஏழெட்டாகச் சேர்ந்து வளவுக்குள் தத்தித் தத்தித் திரிந்து, விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரைக்கும் ஏதோ காணிச் சண்டை நடக்கிற மாதிரிக் கத்துகிற சாம்பல்நிறக் குருவி. ஒரு சோடி முட்டையிட்டால் கூட்டம் முழுவதும் சேர்ந்து குஞ்சுக்குத் தீன் கொடுக்கும். இந்த நல்ல குணத்தை நம்பித்தான் சுடலைக்குயில் பிழைக்கிறது. கூட்டின் விளிம்பில் வந்து நின்று, நின்ற நிலையிலேயே ஒரு முட்டையைப் போட்டுவிட்டுப் பறந்துவிடும். புலுனியின் முட்டையும் நீலம், குயிலின் முட்டையும் நீலம். குயிலுடையது கொஞ்சம் பெரிது, கொஞ்சம் உருண்டை. புலுனிக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அல்லது தெரிந்தும் பேசாமல் இருக்கிறது. இதுவரை எந்தப் புலுனியும் எனக்கு வாக்குமூலம் தந்ததில்லை.

ஆய்வு தர்சினியினுடையது. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியை. படிப்பு லீவு எடுத்துக்கொண்டு பட்ட ஆய்வுக்கு வந்திருந்தாள். பெரிய புலுனிக் கூட்டம் குயிலிடம் ஏமாறுவது குறைவா என்பதுதான் அவள் கேள்வி. முதல் வருடத்தை மழை தின்றுவிட்டது. இது இரண்டாவதும் கடைசியுமான வருடம். அந்தப் பருவம் முடிய லீவும் முடியும், பிறகு சோக்கட்டியும் மாணவர் வரவுப் புத்தகமும்தான். எங்கள் கையில் பதினொரு கூடுகள் இருந்தன. அந்தப் பதினொன்றும்தான் அவளுடைய பட்டம். இதை அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ஆனால் கூட்டுக்குக் கீழே நிற்கும்போது அவள் மூச்சைக்கூட அளந்துதான் விடுவாள்.

நான் அவளுக்குக் கள உதவியாளன். முப்பது வருடத்துக்குக் கிட்டக் கூடு தேடினவன், தேடுவதில் என்னை வெல்ல ஆளில்லை என்று ஊர் சொல்லும். ஊர் சொல்லாத நாட்களில் நானே சொல்லிக்கொள்வேன்.

கரைச்சல் தொடங்கியது கண்ணாடியால். மாங்காய் பறிக்கிற கொக்கத்தடியின் நுனியில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கட்டி, கூட்டுக்கு மேலே பிடித்து, உள்ளே எத்தனை முட்டை என்று கீழே நின்றபடியே பார்ப்பது எங்கள் வழக்கம். அன்று ஒரு வளவில் வேலியோரத்து மாமரத்துக்கு நேரே தடியை நீட்டிக்கொண்டு நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் கிணற்றடி. கிணற்றடியில் யாரோ குளித்துக்கொண்டிருந்தது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. வேலிக்கு மேலே ஒரு தலையும், தலைக்குப் பக்கத்தில் குழி தோண்டுகிற ஒரு அலவாங்கும் எழுந்தன.

"ஐசே, உந்தக் கண்ணாடியிலை என்ன பாக்கிறீர்?"

"புலுனி பாக்கிறன் அண்ணை."

"எந்தப் புலுனி?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் பிழையாகத்தான் போகும். தர்சினி ஓடி வந்து கூடு பதிகிற படிவத்தைக் காட்டிக் கதைத்து என்னை மீட்டாள். ஆனால் கதை பரவிவிட்டது. இரண்டு வளவுக்காரர் படலையைப் பூட்டினார்கள். மூன்றாவது நாள் சனசமூக நிலையத் தலைவர் ஆளனுப்பினார். அவர் ஓய்வு பெற்ற தபாலதிபர், பெயர் மயில்வாகனம். பறவை விவகாரத்துக்குப் பெயர்ப் பொருத்தம் பார்த்தா ஆளைத் தெரிவு செய்தார்கள் என்று கேட்காதீர்கள், நானும் கேட்டு வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

"சனத்துக்கு நீங்கள் என்ன செய்யிறியள் எண்டு தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு சின்னப் பேச்சு வையுங்கோ. எல்லாம் சரிவரும்" என்றார் மயில்வாகனத்தார்.

தர்சினிக்கு மேடைக் கூச்சம் இல்லை, பள்ளிக்கூட ஆசிரியை. ஆனாலும் வயதுக்கு மரியாதை என்று என்னைப் பேசச் சொன்னாள். வாசலில் வைத்து ஒரேயொரு புத்திமதி மட்டும் சொன்னாள்.

"அண்ணை, கண்ணாடி ஏன், தடி ஏன் எண்டதை மட்டும் சொல்லுங்கோ. குயிலின்ரை கதையை எடுக்காதேங்கோ."

"ஏன் பிள்ளை, அதுதானே ருசியான பகுதி?"

"அதுதான் பயமாய்க் கிடக்கு."

நான் தலையாட்டினேன். உள்ளே போனால் கதிரை எல்லாம் நிறைந்திருந்தது. ஒலிவாங்கி வேறு. முப்பது வருடம் மரத்துக்குக் கீழே வாயைப் பொத்திக்கொண்டு நின்றவனுக்கு ஒலிவாங்கியைக் கொடுப்பது என்ன மாதிரியான வேலை என்று யோசித்துப் பாருங்கள். கண்ணாடியையும் தடியையும் ஐந்து நிமிடத்தில் முடித்தேன். சனம் கொட்டாவி விட்டது. பின்வரிசையில் ஒருவர் எழும்பப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சுடலைக்குயில் ஏன் கூடு கட்டுறேல்லை எண்டு தெரியுமோ? பஞ்சி, வெறும் சோம்பல்!" என்றேன். எழும்பியவர் இருந்துவிட்டார். "மற்றவை கட்டின கூட்டிலை வந்து, தொப்பெண்டு ஒரு முட்டையைப் போட்டிட்டுத் திரும்பியும் பாராமல் போயிடும். பேந்து உந்த அப்பாவிப் புலுனியள் ஏழெட்டுப் பேர் நாள் முழுக்கப் புழுப் பொறுக்கி அந்தக் கள்ளனை வளக்குங்கள். அதுக்கு நாங்கள் வைச்சிருக்கிற பேர் கள்ளமுட்டை."

நாங்கள் அப்படி ஒரு பெயரும் வைத்திருக்கவில்லை. அந்தக் கணத்தில், அந்த ஒலிவாங்கியில், கைதட்டுக்காக என் வாயில் உதித்த சொல் அது. கைதட்டு வந்தது. சிரிப்பு வந்தது. "கள்ளமுட்டை, கள்ளமுட்டை" என்று முன்வரிசை சொல்லிப் பார்த்தது. தர்சினி மட்டும் சிரிக்கவில்லை. மயில்வாகனத்தார் எழுந்து கேட்டார்:

"அப்ப கள்ளமுட்டையை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

இந்த இடத்தில் பெரிது, உருண்டை என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். அல்லது, கண்டுபிடிப்பது எங்கள் வேலை, நீங்கள் கூட்டுக்குக் கிட்டப் போகாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். இரண்டையும் நான் சொல்லவில்லை. என் கெட்டித்தனத்தை இரண்டு சொல்லில் கொட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

"நிறம் ஒண்டுதான். வடிவாய்ப் பாக்கத் தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும்" என்றேன்.

யாழ்ப்பாணத்துச் சனத்தைப் பார்த்து, உனக்குத் தெரியாது என்று சாடையாகச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நானும் அந்தச் சனம்தான். ஆனால் அதற்குள் எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டார்கள். பச்சைக் கரை வைத்த பொன்னாடை. கச்சான் கடலையும் பிளேன்ரீயும் தந்தார்கள். அடுத்த நாள் எல்லாப் படலையும் திறந்திருந்தன.

அந்த வாரத்திலேயே கூடுகள் காலியாகத் தொடங்கின.

முதலில் ஒன்று. நாலு முட்டை இருந்த கூட்டில் கண்ணாடியைப் பிடித்தால் வெறும் நார். இதில் அதிசயம் இல்லை, கூடு என்றால் போகத்தான் செய்யும். ஆனால் மறுநாள் இன்னும் இரண்டு. அதற்கடுத்த நாள் ஒரு கூட்டில் நாலு இருந்த இடத்தில் ஒன்று மட்டும் கிடந்தது. ஆறு நாளில் ஏழு கூடுகள். ஏழாவது கூட்டுக்குக் கீழே தர்சினி தேசிமரத்தடியில் குந்திவிட்டாள். அழுகிறாளோ என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் நானும் ஏதாவது சொல்ல வேண்டி வரும்.

"என்னண்ணை நடக்குது?" என்றாள் நிலத்தைப் பார்த்தபடி.

கூடு அழிந்தால் படிவத்தில் காரணம் எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு, உங்களுக்கும் தெரியும். காகம் என்றால் 'கா'. பூனை என்றால் 'பூ'. பாம்பு என்றால் 'பா'. தெரியாது என்றால் 'தெ'. முப்பது வருடத்தில் நான் 'தெ' எழுதியதே இல்லை. அது எனக்கு ஒரு எடுப்பு. இளம் பிள்ளைகள் 'தெ' எழுதினால், மரத்தைச் சுற்றி ஒருதரம் வந்து, மண்ணைப் பார்த்து, பட்டையைத் தடவி, "பூனை" என்பேன். அவர்கள் வாயைப் பிளப்பார்கள். அதில் எத்தனை பூனை உண்மைப் பூனை என்று இன்று கேட்டால் நான் சபையை விட்டு எழும்பிப் போய்விடுவேன்.

அன்றும் மரத்தைச் சுற்றி வந்தேன்.

"பாம்பு பிள்ளை. சாரை."

"கோதும் இல்லை, இலையும் கலையேல்லை."

"அதுதான் பாம்பு. முழுசாய் விழுங்கும், ஒரு தடயமும் விடாது."

"இரண்டு கூட்டிலை ஒவ்வொரு முட்டை மிஞ்சிக் கிடக்கு. பாம்பு ஒண்டை விட்டிட்டுப் போகுமோ அண்ணை?"

"வயிறு நிரம்பியிருக்கும்."

இப்போது இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று அவள் என்னை நம்பினாள். ஏழு கட்டத்திலும் 'பா' என்று எழுதினாள். நல்ல ஆசிரியை, நல்ல மாணவி. அழுது முடிந்ததும் அவள் மூளை வேலை செய்யத் தொடங்கியது. ஒரு வாரத்தில் ஒரு பாம்பு இத்தனை கூட்டை எடுத்தால் அதுவே ஒரு செய்தி அல்லவா? குயில் போடும் ஒரு முட்டையைவிடப் பாம்பு பெரிய ஆபத்து என்று ஒரு அத்தியாயம் எழுதலாம் அல்லவா? இரண்டு நாள் இருந்து எழுதினாள். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு. புதன்கிழமை மத்தியானம் என்னிடம் வந்து, "அண்ணை, உங்கடை பாம்பு என்னைக் காப்பாத்திப் போட்டுது" என்றாள். எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை.

அன்று பின்னேரம் நான் தனியாகப் பூமணி அக்கா வளவுக்குப் போனேன். ஒற்றை முட்டை மிஞ்சிய கூடுகளில் ஒன்று அவவுடைய தேசிமரத்தில்தான் இருந்தது. மிளகாய்த் தோட்டக்காரி, வாய் ஓயாது, மனம் தங்கம். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வாங்கோ தம்பி, உங்களைத்தான் தேடினனான். ஒரு சாமான் காட்டுறன்."

குசினிக்குள் போய் ஒரு சிரட்டையைக் கொண்டு வந்தா. அதற்குள் பஞ்சு வைத்து மூன்று நீல முட்டைகள்.

"நீங்கள் சொன்ன கள்ளமுட்டை. மூண்டையும் எடுத்துப் போட்டன். எங்கடை மருமோன் ஏணி பிடிச்சவர்."

நான் முட்டைகளைப் பார்த்தேன். மூன்றும் ஒரே அளவு, ஒரே நீள்வட்டம். மூன்றும் புலுனி.

"அக்கா, இதுதான் கள்ளமுட்டை எண்டு என்னெண்டு கண்டியள்?"

"இதென்ன கேள்வி? பெரிசாய் வடிவாய் ஒண்டு கிடந்தது. அது தாயின்ரை. உந்தச் சின்னன் மூண்டும் களவாய் வந்தது. பாக்கத் தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியாதே?"

என்னுடைய சொல் என்னிடமே திரும்பி வந்து நின்றது.

"ஆரக்கா உங்களுக்கு எடுக்கச் சொன்னது?"

"நீங்கள்தானே!"

"நான் எடுக்கச் சொல்லேல்லையே."

"எடுக்க வேண்டாம் எண்டும் சொல்லேல்லையே தம்பி." அவவின் முகம் கொஞ்சம் மாறியது. "பாவம் உந்தப் புலுனியள். விடியத் துடங்கிக் கத்திக் கத்தித் தீன் தேடுதுகள். ஆரோ பெத்ததுக்கு உதுகள் ஏன் மாயோணும்? ஏதோ எங்களாலை ஏண்டதைச் செய்வம் எண்டுதான். நானொருத்தி மட்டுமோ, ஊர் முழுக்க எடுக்குது."

ஊர் முழுக்க. மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு நேரே மயில்வாகனத்தாரிடம் போனேன். அவர் கள்ளமுட்டை எடுக்கவென்று ஒரு உபகுழுவே அமைத்திருந்தார். ஊர்க்காரரின் கைத்தொலைபேசிக் குழுவில் படம் போட்டு, கனடாவில் இருக்கிற ஆட்களெல்லாம் கைகூப்பி வாழ்த்தியிருந்தார்கள். தன் வளவுக் கூட்டு முட்டைகளை அவர் பழைய கடிதத் தராசில் வைத்து நிறுத்திருந்தார்.

"தபால் கந்தோரிலை நாப்பது வருசம். பாரம் கூடினதுதான் களவாய்ப் போறது. கூடினதை எடுத்தாச்சு" என்றார்.

உள்ளதைச் சொன்னால், ஊரிலேயே சரியான முறையைக் கண்டுபிடித்த ஒரே ஆள் அவர்தான். ஆனால் அவருடைய கூட்டில் குயில் முட்டையே இருக்கவில்லை. பாரம் கூடின ஒரு புலுனி முட்டையை எடுத்து எறிந்திருந்தார். ஏணியும் ஆளுமாக நின்று நிறுத்ததில் மற்ற மூன்றையும் புலுனிகள் கைவிட்டுவிட, அவற்றைக் காகம் கொண்டுபோயிருந்தது. அலவாங்கு மனிதர் வீட்டில் கேட்டேன். அவர் நாலையும் எடுத்துவிட்டாராம். "சந்தேகம் எண்டு வந்தாப் பேந்து என்னத்துக்கு வைச்சிருக்கிறது?" என்றார்.

பூமணி அக்காவிடம் திரும்பிப் போனேன். அவவின் கையில் இருந்த சிரட்டையை வாங்கினேன். ஏணி அப்படியே மரத்தில் சாத்திக் கிடந்தது. நான் ஏறினேன். இதை நான் இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. மூன்று முட்டையையும் திரும்ப வைத்துவிட்டால் நாளைக்குக் கண்ணாடியில் நாலு தெரியும். பாம்பு விட்டுவிட்ட கூடு, நாங்கள் எண்ணினது பிழை, அவ்வளவுதான். சட்டென்று எல்லாம் சரியாகிவிடும் போல இருந்தது. புலுனிகள் என் தலையைச் சுற்றிக் கத்தின. கையில் எடுத்த முட்டை குளிர்ந்து போயிருந்தது. நாலு நாள் பஞ்சில் கிடந்தது. இது பொரிக்காது. பொரிக்காவிட்டால் அதற்கும் ஒரு காரணம் எழுத வேண்டும், அதையும் நான்தான் மரத்தைச் சுற்றி வந்து கண்டுபிடிப்பேன். அதற்குப் பிறகு அவளுடைய படிப்பில் எது உண்மை, எது என்னுடைய வாய் என்று யாருக்கும் தெரியாமல் போகும். முட்டையைச் சிரட்டையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். வீரத்தால் இறங்கவில்லை, அடுத்த பொய்க்குக் காரணம் தேட அலுத்துப்போய் இறங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றே அவளிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. காலையில், பஸ் வருகிற நேரத்துக்குக் கொடிகாமம் சந்திக்குப் போனேன். சந்தைக்கு வந்த மரக்கறி மூட்டைகளுக்கு நடுவில் நல்ல சேலை உடுத்து, அத்தியாயம் வைத்த கோவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னண்ணை, வழியனுப்ப வந்தனீங்களோ?"

நான் சிரட்டையை நீட்டினேன்.

"இதென்ன?"

"என்ரை பாம்பு."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சு, உபகுழு, தராசு, எல்லாம். ஏணியில் ஏறியதைத் தவிர. அதற்குள் பஸ் வந்து நின்றுவிட்டது.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"நேற்றுப் பின்னேரம்."

"நேற்றே ஏன் சொல்லேல்லை?"

"பயம் பிள்ளை."

"தங்கச்சி, ஏறுறியளோ இல்லையோ?" என்று கண்டக்டர் கத்தினார். அவள் பஸ்ஸைப் பார்த்தாள், கோவையைப் பார்த்தாள், சிரட்டையைப் பார்த்தாள். கோவைக்குள் இருந்தது நல்ல அத்தியாயம். யாரும் பிழை கண்டுபிடிக்க மாட்டார்கள். சாரைக்கு வக்கீல் கிடையாது. ஏறியிருந்தால் அந்த வருடமே அவள் கரைசேர்ந்திருப்பாள், நானும் மரியாதையோடு ஓய்வு பெற்றிருப்பேன். அந்த அரை நிமிடத்தில் ஏறிவிடு பிள்ளை என்று நான் உள்ளுக்குள் மன்றாடினேன். வெட்கம் கெட்ட வேண்டுதல், ஆனால் மன்றாடினேன்.

அவள் கண்டக்டரிடம், "நீங்கள் போங்கோ" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "எனக்கு உங்களிலை சரியான கோவம். இப்ப கதைச்சனெண்டா அழுதிடுவன். மோட்டார் சைக்கிளை எடுங்கோ. ஏழு வீட்டையும் போவம்."

நல்ல சேலையோடு பின்னால் ஏறியிருந்து ஏழு வளவுக்கும் வந்தாள். வளவுக்காரர் ஒருவரையும் ஏசவில்லை. எத்தனை முட்டை எடுத்தீர்கள், என்றைக்கு, எதை விட்டீர்கள், எதைப் பார்த்துத் தெரிவு செய்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு எழுதினாள். எடுத்து வைத்திருந்த முட்டைகளை எல்லாம் அளந்தாள். பூமணி அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றா.

"பிள்ளை, நான் பிழை விட்டிட்டனோ?"

"இல்லையக்கா. சொன்ன ஆள் அரைவாசியைத்தான் சொன்னவர்."

என்னைப் பார்க்காமலே சொன்னாள். அலவாங்கு மனிதர் தன் அலவாங்கால் கொத்தியிருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்காது.

ஏழு கூட்டிலும் எடுத்தவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது, உண்மையில் குயில் முட்டை எடுபட்டது ஒரேயொரு கூட்டில்தான். அதுவும் நாலையும் எடுத்த அலவாங்கு மனிதர் வீட்டில். மற்றவை எல்லாம் புலுனியின் சொந்த முட்டைகள். பூமணி அக்கா வளவில் மிஞ்சிய அந்தப் பெரிய வடிவான முட்டை பொரித்தது. அண்ணன் தம்பி என்று பங்கு கேட்க ஒருவரும் இல்லாத கூட்டில், ஏழு புலுனிகள் போட்டி போட்டுத் தீன் கொடுக்க, அந்தச் சுடலைக்குயில் குஞ்சு மாதிரி கொழுத்த குஞ்சை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. கள்ளனைத் துரத்தப் புறப்பட்ட ஊர், கள்ளனுக்கு மட்டும் ராசமரியாதை செய்து அனுப்பியது. பூமணி அக்கா அதற்கும் சோறு வைத்தா.

தர்சினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் பகிடி இல்லை. நாலு கூட்டை வைத்துக்கொண்டு பட்டம் எடுக்க முடியாது. லீவை நீட்டித்துத் தரவில்லை. அவள் பள்ளிக்கூடம் திரும்பினாள். அதற்குப் பிறகு சனி ஞாயிறிலும் பள்ளி விடுமுறையிலும் வந்து, இன்னும் இரண்டு பருவம் கூடு பார்த்துத்தான் அந்தப் படிப்பை முடித்தாள். இடையில் கலியாணப் பேச்சு ஒன்று தள்ளிப் போய், பிறகு இல்லாமலே போனது. அது என்னால்தான் என்று அவள் சொல்லவில்லை. நான் கணக்குப் பார்க்கத் தெரிந்தவன். அந்த இரண்டு பருவமும் நான் ஒரு நாள் தவறாமல் தடி பிடித்தேன். அதனால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கவில்லை.

உங்களுக்கு இதிலிருந்து ஒன்று சொல்வதென்றால் இதுதான். வளவுக்காரருக்குக் கதை சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள், சனத்தை விட்டுவிட்டுக் குருவியைக் காப்பாற்ற முடியாது. ஆனால் சொல்கிறதை முழுதாகச் சொல்லுங்கள். கைதட்டு வருகிற இடத்தில் நிறுத்தாதீர்கள். மற்றது, படிவத்தில் 'தெ' என்ற எழுத்தும் மற்ற எழுத்துகளைப் போல ஒரு எழுத்துத்தான். அதை எழுதினால் கை அழுகாது. நான் என் முதல் 'தெ'யை ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னர்தான் எழுதினேன். எழுதிவிட்டுப் போய் நிம்மதியாகச் சோறு சாப்பிட்டேன்.

ஏழு வீடும் போய்வந்த அன்று மத்தியானம், தர்சினி படிவக் கட்டைத் தூக்கி என் முன்னால் மேசையில் வைத்தாள். அழிறப்பரும் பென்சிலும் வைத்தாள்.

"ஏழு 'பா'வையும் அழியுங்கோ."

அழித்தேன். ஏழாவதை அழித்துவிட்டு, பென்சிலை எடுத்து, மிகுந்த பணிவோடு 'தெ' என்று எழுதப் போனேன்.

"தெரியாதோ? உங்களுக்குத் தெரியும்தானே" என்றாள்.

என் கையிலிருந்து பென்சிலை வாங்கினாள். ஏழு கட்டத்திலும் தானே ஒரு எழுத்தை எழுதினாள். பக்கத்தின் அடியில் குறியீடுகளின் வரிசையில் 'தெ'க்குக் கீழே அதையும் சேர்த்தாள். அடுத்த வருடம் படிவத்தை அச்சடித்தபோது அதுவும் அச்சாகிவிட்டது. நீங்கள் இன்று நிரப்புகிற படிவத்தில் அந்த 'அ' இருக்கிறது. பயிற்சியில் அதற்கு 'அந்நியர் தலையீடு' என்று விளக்கம் சொல்லித் தருவதாகக் கேள்விப்பட்டேன். அது அவர்கள் எனக்குத் தருகிற மரியாதை. அவள் எழுதியது 'அண்ணை'.